நம் வாசலுக்கு எதிரேயுள்ள மதில்



கடந்த சனிக்கிழமை மாலை பாடகர் குழுப் பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்து சென்ற பிறகு, வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பி மட்டும் ஆலயத் திண்ணையில் தனியே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறவன். பெயரைச் சொல்லப்போவதில்லை, அவனிடம் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். நான் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தபோது எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, அடிச்சவனத் திருப்பி அடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லுவீங்க, தெரியும். அடி கையால இல்லாம, நெட் வழியா இருந்தா?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை. இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள், இதைக் கற்பிக்கவில்லை. உட்காரச் சொல்லி, முழுவதையும் சொல்லும்படி கேட்டேன்.

மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டை உங்கள் பிள்ளைகளின் கணினியில் நீங்கள் கண்டிருப்பீர்கள். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் சிறுபிள்ளை விளையாட்டு என்றே நானும் எண்ணியிருந்தேன். அதில் நால்வர் நால்வராக அணி சேர்ந்து மோதும் போட்டிகளும் உண்டாம். இவனுடைய அணி ஒரு போட்டியில் இறுதிச்சுற்று வரை வந்துவிட்டது. வெற்றிக்குச் சற்று முன்னே இவன் வீட்டு இணையம் அறுந்தது. மோடத்தை அணைத்துப் போட்டான், வந்தது, இரண்டு நிமிடத்தில் மறுபடியும் போயிற்று. தொடர்பு அறுந்தவன் தோற்றவன் என்பது அப்போட்டியின் விதி. பரிசுத்தொகை பெரிதன்று. ஆனால் மூன்று மாதமாக அந்த நான்கு பிள்ளைகளும் படிப்பு முடிந்த இரவுகளில் பழகிய பழக்கம் அது. சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அதை விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

எதிரணியினர் தன் இணைப்பைத் தாக்கினார்கள் என்பது அவன் முடிவு. காரணமும் சொன்னான். முந்தின வாரம் பயிற்சி ஆட்டத்துக்காகத் தன் வீட்டுக் கணினியையே சர்வராக வைத்து அவர்களையும் அழைத்திருந்தான். அப்படிச் செய்யும்போது வீட்டு இணைப்பின் முகவரி எண், ஐ.பி. முகவரி என்று சொல்கிறார்களே, அது வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போது அவன் நண்பன் ஒருவன் ஓர் இணைய முகவரியை அனுப்பியிருக்கிறான். அங்கே சில நூறு ரூபாய் கட்டி, எதிராளியின் எண்ணைக் கொடுத்தால், அவன் இணைப்பைப் பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று படுக்கவைத்துத் தருவார்களாம். கைப்பேசியை என் முன் நீட்டினான். கடையில் விலைப்பட்டியல் தொங்குவதுபோல் கட்டணங்கள் வரிசையாக இருந்தன.

"பணம் கட்டிவிட்டாயா?" என்றேன்.

"இல்லீங்கய்யா. அதான் கேக்குறேன்."

ஒரு வாரம் பொறுக்கும்படி சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் படித்தும், கணினித் துறையில் பணிசெய்யும் நம் சபையார் இருவரிடம் கேட்டும் அறிந்துகொண்டதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இந்தத் தாக்குதல் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். யாரும் வீட்டுக்குள் நுழைவதில்லை, எதையும் திருடுவதில்லை. நம் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஆயிரம் பேரைக் கூலிக்கு அமர்த்தி வரிசையில் நிறுத்துகிறான். ஒருவரிடமும் குடும்ப அட்டை இல்லை. ஒவ்வொருவராகப் பில் போடுகிறவர் முன்னே போய் ஏதோ கேட்டுவிட்டு, மறுபடியும் வரிசையின் வாலில் சேர்ந்துகொள்கிறார்கள். அரிசியும் இருக்கிறது, கடையும் திறந்திருக்கிறது. அட்டை வைத்திருக்கும் தாய் மட்டும் மாலைவரை உள்ளே போக முடியாது. ஓர் இணைப்பை நோக்கி ஆயிரமாயிரம் இயந்திரங்களிலிருந்து பொருளற்ற செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்புவதும் இதுவே.

இதில் நாம் கவனிக்கவேண்டிய கொடுமை ஒன்று உண்டு. நெரிசல் வாசலுக்கு உள்ளே அல்ல, தெருவிலேயே ஏற்படுகிறது. ஆகவே அந்தத் தம்பி தன் வீட்டுக் கணினியில் எத்தனை பாதுகாப்பு மென்பொருளை நிறுவினாலும் அந்த நேரத்தில் பயனில்லை. வெள்ளத்தை வீட்டுக்கு வருமுன்னே, இணையச் சேவை தரும் நிறுவனத்தின் மட்டத்தில்தான் தடுக்கவோ திருப்பவோ இயலும். பெரிய போட்டிகளை நடத்துகிறவர்கள் பல நகரங்களில் பரந்துகிடக்கும் பெரும் வலையமைப்புகளின் பின்னே தங்கள் சர்வரை மறைத்துவைக்கிறார்கள். வருகிற செய்திகள் அங்கே சலிக்கப்பட்டு, நல்லவை மட்டும் உள்ளே விடப்படுகின்றன. அதுவும் எப்போதும் போதுமானதன்று. 2024 பிப்ரவரியில் தென்கொரியாவின் சியோலில் நடந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் தொடர் இப்படித் தாக்கப்பட்டது. உலகிலேயே தேர்ந்த ஆட்டக்காரர்கள் அரங்கில் அமர்ந்திருக்க, ஆட்டம் மறுபடியும் மறுபடியும் நிறுத்தப்பட்டது. கடைசியில் பார்வையாளர் இல்லாமல் ஆட்டங்களை நடத்திப் பதிவுசெய்து, பிறகு ஒளிபரப்பும் நிலை வந்தது. அதன்பின் வெளி இணையத்தோடு தொடர்பில்லாத தனிச் சர்வரை ஏற்பாடு செய்தே மக்கள் முன்னிலையில் ஆட முடிந்தது.

அந்தத் தம்பி என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தான். "2020-ல நம்ம இந்தியாவுக்கும் இப்படித்தான் நெட்டை அடிச்சாங்க ஐயா. அப்புறம்தான் தங்கம் குடுத்தாங்க." அது உண்மையா என்று தேடினேன். தேடியதில் என் மனத்தைத் தைத்த காரியங்கள் இரண்டு கிடைத்தன.

கொரோனா ஊரடங்கின் காலம் அது. சதுரங்க ஒலிம்பியாடை நேரில் நடத்த இயலாமல், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை முதன்முறையாக இணையத்தில் நடத்தியது. 163 நாடுகள் பங்குபெற்றன. இந்திய அணியில் நம் விஸ்வநாதன் ஆனந்தும் இருந்தார், பிரக்ஞானந்தாவும் இருந்தான். ஆகஸ்டு 30ஆம் நாள் ரஷ்யாவுக்கு எதிரான இறுதிப்போட்டி. முதல் சுற்று 3-3 எனச் சமமாயிற்று. இரண்டாம் சுற்றில் கேரளத்தைச் சேர்ந்த நிஹால் சரின், நாகபுரியைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரின் இணைப்பும் ஆட்டத்தின் நடுவே அறுந்தது. நிஹாலுக்கு அப்போது 16 வயது, திவ்யாவுக்கு 14. கடிகாரம் ஓடி இருவரும் தோற்றார்கள், சுற்றும் கைவிட்டுப்போயிற்று. இந்தியா முறையிட்டது. முறையீட்டுக் குழு ஒருமனதான முடிவுக்கு வர இயலவில்லை. கூட்டமைப்பின் தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கத்தை அறிவித்தார். நம்மில் பலர் அன்று மகிழ்ந்தோம்.

ஆனால் இரண்டு நாளுக்கு முன் நடந்ததைப் பலர் மறந்துவிட்டோம். காலிறுதியில் அதே நிஹால் சரினுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் மார்ட்டிரோசியனின் இணைப்பு அறுந்தது. அவர் தோற்றதாக எழுதப்பட்டது. ஆர்மீனியாவும் முறையிட்டது. தங்கள் பக்கத்து இணையத்தில் குறையில்லை என்று வாதிட்டது. முறையீடு தள்ளப்பட்டது. அவர்கள் அடுத்த சுற்றை ஆடாமலே விலகிக்கொண்டார்கள், இந்தியா முன்னேறியது. இரண்டு சம்பவங்களும் எல்லா வகையிலும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. இறுதிப்போட்டி நாளில் உலகின் பல பகுதிகளில் இணையம் தடைபட்டிருந்தது, காலிறுதியில் அப்படியில்லை. என்றாலும், நம் கம்பி அறுந்தபோது நீதி கேட்ட நாம், அவர்கள் கம்பி அறுந்தபோது என்ன கேட்டோம்? நான் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆர்மீனியரின் பெயரே இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

இனி, அந்த நாளில் நம் பிள்ளைகளின் இணைப்பை அறுத்தது யார் என்ற கேள்வி. தாக்குதல் என்றான் தம்பி. முதலில் கிளவுட்ஃபிளேர் என்னும் நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அதற்கும் பின்னே போனால், அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் என்னும் பெரிய இணையத் தொடர்பு நிறுவனத்தில் அன்று ஏற்பட்ட முடக்கம் நிற்கிறது. சில மணி நேரத்துக்கு உலக இணையப் போக்குவரத்தே 3.5 விழுக்காடு குறைந்ததாகக் கிளவுட்ஃபிளேர் கணக்கிட்டது. முடக்கத்தின் காரணத்தைச் செஞ்சுரிலிங்க் வெளியிட்டபோது அதில் எதிரி என்று ஒருவனும் இல்லை. ஃப்ளோஸ்பெக் என்னும் ஒருவகைக் கட்டளை தவறாக அறிவிக்கப்பட்டதால், வழிகாட்டும் கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள முடியாமல் போயின.

அந்தக் கட்டளை எதற்கானது தெரியுமா? பெரும்பாலும் இத்தகைய தாக்குதல்களைத் தடுப்பதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து நீர் வரும் கால்வாயை எண்ணிப்பாருங்கள். சாக்கடை கலந்த நீர் வந்தால் மடையை அடைக்கும்படி காவலாளிக்கு ஆணை கொடுக்கிறோம். ஆணையை எழுதினவன் ஒரு சொல்லைத் தவறாக எழுதிவிட, காவலாளிகள் எல்லாரும் நல்ல நீரையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். குளம் வற்றுகிறது, கரையில் நிற்கிறவன், எவனோ பகைவன் நீரைத் திருடிவிட்டான் என்று ஊரைக் கூட்டுகிறான்.

இதைப் படித்தபோது அந்தத் தம்பியின் வீட்டு மோடம்தான் என் நினைவுக்கு வந்தது. நம் வண்டியூரில் இணையம் அறுவதற்குப் பகைவனே தேவையில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும்போது அறும், மின்தடையில் அறும், காரணமே தெரியாமலும் அறும். ஒருவேளை எதிரணி உண்மையிலேயே தாக்கியிருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டும் ஒரே இருட்டுத்தான். அந்த இருட்டில் கைநீட்டி யாரை அடிப்பது?

அந்த விலைப்பட்டியலைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ஆடம் மட் என்னும் ஒரு பையன் 2013இல், தன் 16ஆம் வயதில், இப்படிப்பட்ட ஒரு கடையை எழுதி உருவாக்கினான். டைட்டானியம் ஸ்ட்ரெஸ்ஸர் என்பது அதன் பெயர். அதன்வழியே உலகெங்கும் 17 லட்சத்துக்கும் மேலான தாக்குதல்கள் நடந்தன. அவற்றில் ஏராளமானவை விளையாட்டு சர்வர்கள் மீது. பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டே இத்தனையும் செய்தான். 2017 ஏப்ரலில் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு பிறருடைய கணினித் தொடர்பைத் தடைசெய்வதை இழப்பீட்டுக்குரிய தவறென்று கூறுகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் பொருளின் முழு விலை அது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தியது சட்டம் அல்ல. அந்தக் கூலி ஆயிரம் பேர் யார் என்னும் கேள்வி.

2016இல் அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் மிராய் என்னும் ஒரு நிரலை எழுதினார்கள். மைன்கிராஃப்ட் சர்வர்களை நடத்துகிறவர்களிடையே இருந்த தொழிற்போட்டியில் முளைத்தது அது. நம் தம்பி ஆடுகிற அதே விளையாட்டு. அவர்களில் ஒருவன் தாக்குதலிலிருந்து பாதுகாப்பு விற்கும் நிறுவனமும் வைத்திருந்தான் என்றால் பாருங்கள். மிராய் செய்த காரியம் மிக எளியது. உலகெங்கும் இணையத்தில் இணைந்திருக்கும் கண்காணிப்பு கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப்போய், தொழிற்சாலையில் போட்டுக்கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லிப் பார்க்கும். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்றே அதன் ஆயுதம். 'அட்மின்', 'ஒன்று இரண்டு மூன்று நான்கு' போன்றவை. வாங்கினவர் அதை மாற்றாமல் விட்டிருந்தால் கதவு திறந்துவிடும். இப்படி லட்சக்கணக்கான கருவிகள் ஒரு படையாகச் சேர்ந்தன. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் வீட்டில் கேமரா வழக்கம்போல் வாசலைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்த நிரல் வெளியே பரவிய பின், 2016 அக்டோபர் 21ஆம் நாள் அதே வகைப் படை ஒன்றால் அமெரிக்காவில் ட்விட்டர் முதலிய பெரிய தளங்கள் பல மணி நேரம் முடங்கின. ஏதோ ஒரு நாட்டின் போர்ச்செயல் என்றே அப்போது பலர் அஞ்சினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், அதைச் செய்த காலத்தில் வயதுவராத சிறுவர். அவரும் கூட்டாளிகளும் குறிவைத்தது பிளேஸ்டேஷன் விளையாட்டு வலையமைப்பை மட்டுமே; மற்றவை எல்லாம் வழியில் மிதிபட்டவை. மிராயை எழுதிய மூவரும் 2018இல் சிறைக்குத் தப்பினார்கள். ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 2,500 மணி நேரச் சமூக சேவையும் அவர்களுக்கு விதிக்கப்பட்டன.

இதை வாசித்துக்கொண்டிருந்த இரவில் எனக்கு நம் ஆலய வாசலில் இருக்கும் கேமரா நினைவுக்கு வந்தது. காணிக்கைப் பெட்டியின் பூட்டை யாரோ உடைக்க முயன்ற பிறகு, நாம் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு மாட்டியது அது. மாட்டினவர் ஒரு கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அந்த அறுபதில் அதுவும் ஒன்று.

நம்மைக் காக்க வைத்த கண், இத்தனை காலம் யாருடைய படையில் நின்றதோ, யார் வீட்டுப் பிள்ளையின் ஆட்டத்தைக் கலைத்ததோ, நான் அறியேன். நின்றிருக்கவே இல்லை என்றும் இருக்கலாம். ஆனால் நிற்பதற்குத் தடையாக நான் எதையும் செய்து வைத்திருக்கவில்லை.

நெகேமியாவின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். வெறும் பெயர்ப்பட்டியல் என்று எண்ணுகிறோம். எருசலேமின் அலங்கத்தில் எந்தப் பகுதியை யார் கட்டினார் என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. அந்தப் பட்டியலில் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். ஆசாரியர்களும் அப்படியே கட்டினார்கள். சன்பல்லாத்தும் தொபியாவும் வெளியே நின்று பரியாசம் பண்ணினார்கள், சதிசெய்தார்கள். கட்டினவர்கள் ஆயுதம் தரித்திருந்தார்கள்; ஆனால் வேலையை விட்டுவிட்டு அவர்களைத் தேடிப்போய் அடிக்கவில்லை. இதுவரை இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். என் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதி ஒரு கேமராவாகவும் இருக்கக்கூடும் என்று ஒருமுறையும் தோன்றியதில்லை.

இதில் விசித்திரம் ஒன்றைக் கவனியுங்கள். நான் என் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றினால் என் இணைப்புக்கு வரும் வெள்ளம் குறையாது. எங்கோ முகந்தெரியாத ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும் வெள்ளத்தில் ஒரு துளி குறையும். நம் தம்பியின் ஆட்டத்தைக் காக்கிற பூட்டு அவன் கையில் இல்லை. அது அண்ணாநகரிலோ அர்ஜென்டினாவிலோ யாரோ ஒருவரின் வாசலில் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை அவன் வந்தான். நான் அறிந்தவற்றைச் சொன்னேன். ஆர்மீனியரைப் பற்றிச் சொன்னபோது, "அது எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றான். பிறகு துண்டுத்தாளைக் காட்டினேன். சிரித்துவிட்டான், உடனே, போதகர் முன் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டான். ஏணியெல்லாம் தேவைப்படவில்லை. என் கைப்பேசியிலேயே கேமராவின் அமைப்புகளைத் திறந்து, நீண்ட புதிய கடவுச்சொல் ஒன்றை வைத்து, அதன் மென்பொருளையும் புதுப்பித்துக் கொடுத்தான். ரவுட்டருக்கும் அப்படியே செய்தான். பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. தன் அணியின் அடுத்த பயிற்சியை வீட்டுக் கணினியில் வைக்காமல், பாதுகாப்போடு வாடகைக்குக் கிடைக்கும் சர்வரில் வைக்கப்போவதாகவும், வீட்டு இணைப்பின் எண்ணை மாற்றித் தரும்படி சேவை நிறுவனத்தைக் கேட்கப்போவதாகவும் சொன்னான். தாக்குதல் மறுபடியும் நடந்தால் நேரத்தைக் குறித்துவைத்து, 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்று நான் சொன்னேன்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவனும் அவன் நண்பர்கள் மூவரும் ஆலயத் திண்ணையில் ஒரு மேசை போட்டு உட்காருவார்கள். வீட்டிலோ கடையிலோ கேமரா வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கும் கைப்பேசியோடு வாருங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்; வீட்டுக்குப் போய் மாற்றும் முறையை எழுதிக் கொடுப்பார்கள். கருவி ஏற்கெனவே பிறர் கைக்குப் போயிருக்குமோ என்று ஐயப்படுகிறவர்களுக்கு மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவசமாகத் தரும் மென்பொருள்களையும் காட்டுவார்கள். புதிய கடவுச்சொல்லை அவர்களிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும் சொல்லாதீர்கள்.

அந்த இணைய முகவரியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. புறப்படும்போது அவனே நின்று, "ஐயா, அந்த டீம்ல ஒருத்தன் நம்ம தெப்பக்குளம் பக்கத்துலதான் இருக்கான். அவன் வீட்லயும் கேமரா இருக்கு. ஞாயித்துக்கிழமை வரச்சொல்லவா?" என்று கேட்டான்.

வரச்சொல் என்றேன்.